கரவானுக்கு எண்ணெய்க்காப்பு

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் 'கரவான்காரர்' என்று தங்களைத் தாங்களே சொல்லிக்கொள்ளும் ஆறேழு தமிழர்கள் ஞாயிறு பின்னேரங்களில் ஒரு கொத்துரொட்டிக் கடையின் மூலை மேசையைப் பிடித்துக்கொள்வார்கள். கரவான் என்பது காருக்குப் பின்னால் கொளுவி, ஊர் ஊராய் இழுத்துக்கொண்டு போவதற்கென்று செய்த சக்கர வீடு. இவர்களுடைய கரவான்களோ நிறுத்திய இடத்தை விட்டு அசைவதில்லை. ஒருவருடையதில் புறாக்கள் குடும்பம் நடத்துகின்றன. இன்னொருவர் கடைக்கு வாங்கிய வெங்காய மூட்டைகளை அதற்குள் அடுக்கியிருக்கிறார். மேசைக்குத் தலைவர் யேசுரட்ணம். அவருடைய கரவான் ஒரேயொரு தடவை லூர்து மாதா கோயில் வரைக்கும் போனது. போகும்போது அவர் இழுத்துக்கொண்டு போனார், வரும்போது பழுது பார்க்கிறவனின் பாரவண்டி சுமந்துகொண்டு வந்தது. இந்த இரண்டாம் பாதியை அவர் ஒருவருக்கும் சொல்வதில்லை. ஆனால் டயருக்கு எவ்வளவு காற்று, கூரை ஒழுகினால் என்ன பூசுவது, மேட்டில் எந்தக் கியர் என்று வாய் கிழியக் கதைப்பதில் அவரை அடிக்க ஆளில்லை.

அந்த மேசைக்குப் போய்வரும் குணரத்தினத்தின் பெண்சாதி நாகேஸ்வரிக்கு இந்த மேசையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

காரணம் இருந்தது. குணரத்தினம் வீட்டுக் கரவான் அவள் ஆசைப்பட்டு வாங்கியது. கல்யாணம் கட்டின நாள் தொட்டு அவளுக்கு விடுமுறை என்றால் சொந்தக்காரர் வீடு. ஒரு வருடம் லண்டனில் மச்சாள் வீடு, மறுவருடம் ஜெர்மனியில் சித்தப்பா வீடு. ஹோலில் மெத்தை விரித்து வரிசையாய்ப் படுப்பதும், எல்லோருக்கும் முன் எழும்பி இடியப்பம் அவிப்பதும், போகும்போது 'உன்ரை கைப்பக்குவம் ஒருதருக்கும் வராது' என்று ஒரு புகழ்ச்சியை வாங்கிக்கொண்டு திரும்புவதும்தான் விடுமுறை. வருடம் முழுக்க ஹோட்டல் அறைகளில் பிறத்தியார் படுத்த படுக்கையைத் தட்டி விரிக்கிறவள், விடுமுறையிலும் போய் அதையே செய்தாள். ஒருவருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்காமல், ஒரு கிழமை கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

கரவானை விற்றது பாரிசுக்கு வெளியே பொண்டியில் இருந்த ஜெர்மேன் என்ற கிழவி. புருசன் செத்த பிறகும் தனியே இழுத்துக்கொண்டு ஸ்பெயின் வரைக்கும் போய் வந்தவள். விற்ற அன்று காரின் பின்னால் இருக்கிற இரும்புக் குண்டில் கரவானின் மூக்கைக் கொளுவிக் காட்டினாள். அந்த மூக்குக்குள் இரண்டு கட்டைகள் குண்டை இறுக்கிப் பிடித்திருக்கும், அந்தப் பிடியில்தான் கரவான் ஆடாமல் வரும், திரும்பும்போது கிறீச்சென்று கத்தும் என்றாள். 'கத்தினால் பயப்படாதே, பிடிக்கிறது என்று அர்த்தம். எண்ணெய், கிறீஸ் ஒன்றும் அந்தக் குண்டில் படக்கூடாது. பட்டால் கரவான் பாம்பாக நெளியும்' என்று இரண்டு தரம் சொன்னாள். நாகேஸ்வரி அதோடு விடாமல், கரவான் இழுக்கிறதுக்கென்று ஒரு முழுநாள் பயிற்சியும் எடுத்து வந்தாள். அவள் புருசன் குணரத்தினமும்தான் எடுத்தார். பயிற்சியில் கேட்டதையெல்லாம் அடுத்த ஞாயிறே மேசையில் தொலைத்துவிட்டு வந்தார்.

இரண்டு கோடைகள் இப்படியே போயின. முதல் வருடம் டயர் பழசு, வெடிக்கும் என்றது மேசை. மாற்றினார்கள். அடுத்த வருடம் கார் காணாது, மேட்டில் மூச்சு விடாது என்றது. குணரத்தினம் பயந்துபோய் திரான்சியில் வீட்டு முற்றத்திலேயே கரவானை மூடிக் கட்டிவிட்டார். இரண்டு முறையும் சொந்தக்காரர் வீட்டில் இடியப்பம். இந்த வருடமும் போகாவிட்டால் கரவானை விற்றுவிடலாம் என்று மனுசன் சொல்லிவிட்டார். வாங்குகிறேன் என்று ஓர் ஆளைக்கூட யேசுரட்ணம் பிடித்து வைத்திருந்தார். நாகேஸ்வரி ஒரு கதையும் கதைக்காமல் நோர்மண்டிக் கடற்கரையில் கரவான் நிறுத்துகிற கம்பிங் இடம் ஒன்றைப் பதிந்துவிட்டு வந்து நின்றாள்.

"போறதெண்டால் போங்கோ. ஆனா முதல் லாச்சப்பல் கோயிலடிக்குக் கொண்டு வந்து ஒரு தேங்காய் உடைச்சுப்போட்டுத்தான் போகவேணும்" என்றார் யேசுரட்ணம். "மாதாவின்ரை தீர்த்தமும் என்னட்டைக் கிடக்கு. ரெண்டையும் செய்து விடுவம்."

"கடல் அங்காலை கிடக்கு அண்ணை. கரவானைப் பாரிசுக்குள்ளை கொண்டு வந்து என்னத்துக்கு?" என்று கேட்டாள் நாகேஸ்வரி.

"பிள்ளை, இதெல்லாம் ஆம்பிளையள் பாக்கிற அலுவல்."

குணரத்தினம் தலையை ஆட்டினார். அந்தத் தலைக்கு வேறு என்ன தெரியும்!

சனிக்கிழமை காலை அந்தக் கூத்து நடந்தது. ஒரு மீன் பெட்டி வண்டி நுழையவே திணறுகிற தெருவுக்குள் கரவானைக் கொண்டு வந்தார் குணரத்தினம். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தபடி நின்றான். மேசைக்காரர் முழுப்பேரும் வெளுத்த சேட்டு மாட்டிக்கொண்டு நடைபாதையில் வரிசையாக நின்றார்கள். மூலையில் திரும்பும்போது மூக்கு கிறீச்சென்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தியது. மரக்கறி வாங்க வந்த சனம் திரும்பிப் பார்த்தது. குணரத்தினத்தின் முகம் சுருங்கிப்போனது.

"என்னடாப்பா, பண்டியை அறுக்கிற மாதிரிக் கத்துது!" என்றார் புறாக் கரவான்காரர். "உதோட நீ அங்கை போய்ச் சேரமாட்டாய்."

"காய்ஞ்சு போச்சு. எண்ணெய் கேக்குது" என்றார் யேசுரட்ணம், நாடி பிடித்துப் பார்த்த வைத்தியர் தோரணையில்.

தேங்காய் உடைத்தாயிற்று. சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தாயிற்று. மாதாவின் தீர்த்தம் கண்ணாடியில் தெளித்தாயிற்று. இதற்குள் காரின் பின்பக்கம் பதிந்திருப்பதை ஒருவர் கண்டுபிடித்தார். உடனே காருக்குப் பாரம் குறையட்டும் என்று மேசை முழுவதும் கரவானுக்குள் ஏறி, நாகேஸ்வரி நடுவில் சில்லுக்கு மேலாக அடுக்கியிருந்த அரிசி மூட்டை, தண்ணீர்ப் பெட்டி, சட்டி பானை அத்தனையையும் தூக்கிக் கொண்டுபோய்ப் பின்சுவரோடு குவித்தது. பாரத்தைப் பின்னுக்குப் போட்டால் கரவான் வாலை ஆட்டும் என்று பயிற்சியில் பொம்மை வண்டி வைத்துக் காட்டியிருந்தார்கள். அவள் வாசலில் நின்று கத்தினாள். வெங்காயக்காரர் அவளைத் தாண்டி மிளகாய்த்தூள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

கடைசியில் மூக்கைக் கழற்றினார்கள். விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெய்ப் போத்தலை யேசுரட்ணம் குணரத்தினத்தின் கையில் கொடுத்தார்.

"இஞ்சாருங்கோ, அதுக்கு எண்ணெய் விடக்கூடாது" என்றாள் நாகேஸ்வரி. "வித்த மனுசி எவ்வளவு சொன்னவ! சத்தம் போட்டால்தான் அது பிடிக்குது."

"அந்தக் கிழவி உன்னட்டைச் சாமானைத் தள்ளிவிடச் சொல்லியிருப்பா" என்றார் யேசுரட்ணம். எல்லோரும் சிரித்தார்கள்.

குணரத்தினம் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு அவர்களைப் பார்த்தார். போத்தலைச் சரித்தார். குண்டு குளிக்கக் குளிக்க வார்த்தார், மூக்குக்குள்ளும் வார்த்தார். யாரோ பக்தி முற்றி, வழுவழுவென்று மின்னிய அந்தக் குண்டுக்குச் சந்தனம் பூசிக் குங்குமமும் வைத்துவிட்டார்கள். மறுபடி கொளுவி ஒரு முழம் நகர்த்திப் பார்த்தபோது சத்தம் இல்லை. நடைபாதையில் கைதட்டல்.

ஓட்டோரூட் என்கிற வேகப் பாதையில் ஏறி ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. பெரிய பாரவண்டியொன்று அவர்களை முந்திக்கொண்டு போனது. அதன் காற்று பட்டதும் கரவானின் பின்பக்கம் மெல்ல ஆடியது. நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. கண்ணாடியில் ஒருதரம் இடப்பக்கச் சுவர் தெரிந்தது, மறுதரம் வலப்பக்கச் சுவர் தெரிந்தது. காரின் பின்சில்லுகளையே தூக்கி எறிவதுபோல் அடித்தது. அலுமாரி திறந்து சட்டிகள் உருளுவது முன்னால் கேட்டது. குணரத்தினம் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு "ஐயோ, பிள்ளையாரே" என்றார்.

"பிரேக்கை அடியாதேங்கோ! காலை எடுங்கோ! திருப்பாமல் நேரை பிடியுங்கோ!"

அவர் விறைத்துப்போய் இருந்தார்.

"காலை எடுங்கோ எண்டுறன்!"

எடுத்தார். வண்டி வேகம் குறைந்து, இன்னும் இரண்டு மூன்று தரம் அடித்துவிட்டு அடங்கியது. பாதைக் கரையில் நிறுத்தியதும் நாகேஸ்வரி கதவைத் திறந்து இறங்கினாள். செத்திருப்போம் என்று நினைத்தாள். ஏழு வெளுத்த சேட்டுகளுக்காகச் செத்திருப்போம்.

இழுவை வண்டி அவர்களை ஒரு சின்ன ஊரின் கராஜில் கொண்டுபோய் விட்டது. பேனாட் என்ற மெக்கானிக் மூக்கைத் திறந்து விரலை விட்டு முகர்ந்தான். விரலில் மஞ்சளும் சிவப்பும் ஒட்டியிருந்தன. இது என்ன சமையல் என்று கேட்டான்.

நாகேஸ்வரிக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆசீர்வாதம் என்று பிரெஞ்சில் சொன்னாள்.

"ஆசீர்வாதம் செய்தவர் உள்ளே இருந்தாரா?" என்று கேட்டான் பேனாட். கட்டைகள் எண்ணெயில் ஊறிவிட்டன, பக்கத்து ஊர்க் கூட்டாளியிடமிருந்து புதுக் கட்டைகளை அடுத்த நாள்தான் எடுக்கலாம் என்றான்.

பின்னேரம் கராஜ் முற்றத்தில், பழைய டயர்க் குவியலுக்குப் பக்கத்தில், அவள் சாமான்களை ஒவ்வொன்றாய் நடுவுக்குக் கொண்டுவந்து அடுக்கினாள். குணரத்தினம் படியில் இருந்தபடி, கேட்காமலே சொன்னார்.

"நீர் சொன்னது சரியெண்டு எனக்கு அப்பவே தெரியும்."

நாகேஸ்வரி கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சுகொண்டே ஊத்தினீங்கள்?"

"அவையள் எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவையெல்லே. பெண்சாதி சொல்லிக் கேட்டனெண்டால் பிறகு அந்த மேசையிலை போய் இருக்கேலுமே?"

இத்தனை வருடமும் புருசனை ஒரு விபரம் தெரியாத மனுசன் என்றே அவள் நினைத்திருந்தாள். விபரம் தெரியாதவனோடு கோபித்து என்ன பயன் என்று எத்தனையை விழுங்கியிருப்பாள்! இந்த மனுசனுக்கு விபரம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே அவளையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அருவருப்பாக இருந்தது அவளுக்கு.

செய்தி அதற்குள் மேசைக்குப் போய்விட்டது போலும், அந்த நேரம் பார்த்து யேசுரட்ணத்தின் போன் வந்தது. குரல் வெளியிலேயே கேட்டது.

"நான் சொல்லேல்லையே? எண்ணெய் விட்டபடியாத்தான் உயிரோட தப்பினியள். இல்லாட்டில் மூக்கு அப்பிடியே கழண்டு போயிருக்கும்!"

"ஓம் அண்ணை" என்றார் குணரத்தினம். "ஓம், ஓம்."

அந்த 'ஓம்' போதும். அவள் முடிவெடுத்துவிட்டாள்.

அடுத்த நாள் ஞாயிறு என்றாலும் பேனாட் முகம் கோணாமல் வந்து கட்டைகளை மாற்றி, குண்டைத் துடைத்துத் தேய்த்துக் கொடுத்தான். நாகேஸ்வரி ஸ்டியரிங்கில் ஏறினாள். முதல் வளைவிலேயே கிறீச் என்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஊர் ரயில் நிலையத்துக்கு முன்னால் நிறுத்தி, குணரத்தினத்தின் பையை எடுத்து நிலத்தில் வைத்தாள்.

"இந்த ரயில் பாரிசிலை கார் து நோர் ஸ்ரேசனுக்குப் போகும். இறங்கி ஒரு எட்டு நடந்தால் லாச்சப்பல். போய் உங்கடை மேசையிலை இருங்கோ."

"என்ன பகிடியோ? தனிய எப்பிடி நீர் கரவானைப் பின்னுக்கு விட்டு நிப்பாட்டுவீர்?"

"ஒருதரும் பாத்துக்கொண்டு நிக்காட்டில் நல்லா நிப்பாட்டுவன்."

அவர் பையைத் தூக்காமல் நின்றார். அவள் கிளம்பிவிட்டாள். கடல் வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் அது கத்திக்கொண்டே வந்தது.

கம்பிங்கில் இரண்டாம் தரத்திலேயே கரவானைப் பின்னுக்கு நேராக விட்டு, அதன் ஊன்றுகால்களை இறக்கி, கதிரையைக் கடலைப் பார்க்கப் போட்டாள். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு இருந்தபோது போன் அடித்தது. எடுத்தாள். கொத்து அடிக்கிற சத்தம், கோப்பைச் சத்தம், பல குரல்கள். மனுசன் நேரே மேசைக்குத்தான் போயிருக்கிறார். அவள் எடுத்ததைக் கவனிக்காமல் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"குண்டிலை எண்ணெய் படவே கூடாது, ஸ்ரீஹரி தம்பி. அனுபவத்திலை சொல்லுறன். நீர் புதுசா வாங்கினனீர், கேட்டு நடவும். அவவை நான்தான், முதல் போய் இடத்தைப் பிடியும் எண்டு அனுப்பினனான். இப்ப போனிலை சொல்லிக் குடுக்கப்போறன், கேளும்... நாகேஸ்! ஸ்பீக்கரிலை போட்டிருக்கிறன். கால் இறக்கேக்கை முதல்ல..."

"ஸ்பீக்கரிலையோ?" என்றாள் நாகேஸ்வரி. "எல்லாருக்கும் கேக்குதோ?"

"ஓம் பிள்ளை, கேக்குது, சொல்லு" என்றது யேசுரட்ணத்தின் குரல்.

"எண்ணெய் விடக்கூடாதெண்டு அந்த மனுசனுக்கு ஊத்தேக்கையே தெரியும் அண்ணை. நீங்கள் ஏழு பேரும் பாத்துக்கொண்டு நிண்டபடியா என்னை ஏத்திக்கொண்டு சாக வெளிக்கிட்டவர். நேற்று தன்ரை வாயாலை எனக்குச் சொன்னவர். பக்கத்திலைதானே இருக்கிறார், கேட்டுப் பாருங்கோ. கரவான் விக்கிறதுக்கில்லை எண்டு, வாங்க நீங்கள் பிடிச்சு வைச்ச அந்த ஆளுக்கும் சொல்லிவிடுங்கோ."

அந்தப் பக்கம் ஒரு கதிரை பின்னுக்கு இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ ஒருவர் இருமினார்.

"நாகேஸ்..." என்றார் குணரத்தினம், மெல்லிய குரலில். "ஸ்பீக்கரிலையெல்லே போட்டிருக்கிறன்."

"ஓம்" என்றாள் அவள். "ஓம், ஓம்."

போனை அணைத்து உள்ளே கட்டிலில் எறிந்துவிட்டு வந்து இருந்தாள். தேத்தண்ணி இன்னும் சூடாகத்தான் இருந்தது.