எண்ணாத கிடாய்

பழவேற்காட்டில் உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், கோட்டை கட்டி ஆண்ட காலம். அவர்கள் கப்பல்களுக்கு இறைச்சிக்காக ஏரிக்கரையில் ஆடு வளர்த்துக் கொடுத்தவள் பொன்னியம்மாள். ஐப்பசி மழையில் அவள் ஆடுகளுக்குக் குளம்பு அழுகியது. கோட்டைச் சிப்பாய்கள் வந்தார்கள். நொண்டிய ஆடுகளையெல்லாம் அவள் கண்ணெதிரே உலக்கையால் மண்டையில் அடித்துக் கொன்றார்கள். சினையாட்டைக்கூட விடவில்லை. நாசமாய்ப் போகிற கைகள்!

அப்படிச் செய்யச் சொன்னவன் கோட்டைக் கணக்கன் தருமலிங்கம். உள்ளூர்க்காரன்தான். ஆட்டுக்கு ஒரு சோழி வைத்து நோயின் போக்கைக் கணக்குப் போட்டிருந்தான். சேற்றில் நிற்கும் ஒரு நொண்டி ஆடு இரண்டுக்கு நோய் கொடுக்கும். அந்த இரண்டும் நாலுக்குக் கொடுக்கும். நொண்டியை அகற்றிவிட்டு, மற்றதை மணல்மேட்டில் அடைத்தால் ஒன்று இன்னொன்றுக்குக் கொடுப்பதே அரிதாகிவிடும். பிள்ளையில்லாத வம்சம்போல நோய் தானே அற்றுப்போகும். கணக்கில் பழுதில்லை. ஆனால் மணல்மேட்டிலும் ஆடுகள் நொண்டின. மறுபடி உலக்கை வந்தது. மறுபடியும் நொண்டின. மூன்றாம் முறையும் உலக்கை விழுந்தது.

"அமாவாசைக்குள்ள நிக்கலைன்னா மொத்த மந்தையும் குழிக்குத்தான்னு துரை சொல்லிட்டாரு" என்று தருமலிங்கம் வந்து சொன்னான்.

மந்தை போனால் பொன்னியம்மாளுக்குப் பிழைப்பே கிடையாது. எட்டி அவன் குடுமியைப் பிடித்தாள்.

"சோழிய வச்சே என் ஆட்டையெல்லாம் கொன்னியே, ஒரு நாளாவது பட்டிக்கு வந்து பாத்தியா? வாய்யா!"

இழுத்துக்கொண்டே போனாள். கணக்கனும் கத்திக்கொண்டே போனான்.

பொழுது சாயும் நேரம். பட்டியில் ஆட்டுக்கு ஒரு சோழியாக மணலில் வைத்தான். சரியாக இருந்தது. அப்போது வேலியைத் தாண்டிக் குதித்து ஒரு கிடாய் உள்ளே வந்தது. பெட்டைகளை முட்டித் தள்ளிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனது. முன்னங்கால் தரையில் படவில்லை. குளம்பிலிருந்து சீழ் வடிந்தது. நாற்றத்தில் தருமலிங்கம் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"இதுக்கு ஏன் சோழி வைக்கலே?" என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்வதுபோலக் கேட்டான்.

"அது எல்லையம்மனுக்கு நேர்ந்து விட்டது. அத்தப் போயி யாருனா எண்ணுவாங்களா?"

எண்ணமாட்டார்கள். அவனும் எண்ணியதில்லை. சாமிக்கு விட்ட கிடாயை மந்தையோடு சேர்த்து எண்ணினால் குடி விளங்காது என்று தாய்ப்பாலோடு குடித்தவன் அவன். அது ஊரில் எந்தப் பட்டிக்குள்ளும் போகும், தடுப்பாரில்லை. மூன்று முறை உலக்கை விழுந்தபோதும் அதன்மேல் மட்டும் விழவில்லை.

"கட்டிப் போட்டா போதும், அக்கா" என்றான்.

"கயிறு போட்டாலும் பாவம்தான். விடியறதுக்குள்ள அவுத்து வுட்டுருவானுங்க."

கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவினாள். அதற்குள் கணக்கன் கத்திய சத்தம் கேட்டுப் பூசாரி பூபதி ஆட்களோடு ஓடிவந்தான். வலைக்குப் போய்த் திரும்பியவர்கள்; கையில் துடுப்பு இருந்தது.

"அம்மன் கெடாய் மேல கை வச்சே, அந்தக் கை இருக்காது, ஆமா!"

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தாயே, நீயே பாத்துக்கோ" என்று சொல்லி ஓங்கி வெட்டினாள். ஒரே வெட்டில் சாகவில்லை. கழுத்து பாதி தொங்க, கிடாய் ரத்தம் பீச்சியடித்துக்கொண்டு வேலியில் மோதியது. இரண்டாவது வெட்டில்தான் விழுந்தது. அடுத்த கணம் அவளும் விழுந்தாள். பூபதி அவள் வலது கையை மணலில் மிதித்துப் பிடித்துக்கொண்டான்; துடுப்புகள் அதன்மேல் இறங்கின. எலும்பு முறிந்த சத்தம் கேட்டு ஆடுகள் மிரண்டு ஒரு மூலையில் ஒண்டின. தடுக்கப் போன தருமலிங்கத்துக்கு இரண்டு பல் போனது.

அதன்பின் ஒரு ஆடும் புதிதாக நொண்டவில்லை. அமாவாசையன்று துரையின் ஆட்கள் வந்து ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். குழி வெறும் குழியாகவே கிடந்தது.

ஊர் என்ன சொல்லிற்று தெரியுமா? அம்மன் தன் கிடாயைத் தானே பலி கேட்டு வாங்கிக்கொண்டாளாம். அதனால்தான் நோய் போனதாம். அதே பூபதி குங்குமத் தட்டோடு பொன்னியம்மாள் குடிசைக்கு வந்தான், வெட்கமில்லாமல்.

"ஆத்தா மனசு குளிர்ந்துட்டாம்மா. இந்தா, பிரசாதம்."

அவள் இடது கையை நீட்டினாள்.

பூபதி முகம் சுளித்துத் தட்டைப் பின்னுக்கு இழுத்தான். "இன்னாம்மா இது? சாமி பிரசாதத்த எடது கையிலயா வாங்குவாங்க? சோத்துக் கைய நீட்டு."

"அத்த நீதான் வச்சிக்கினு கீறே, பூசாரி" என்றாள் பொன்னியம்மாள். நீட்டிய கையை எடுக்கவில்லை.