பக்கம் மாறிய படிவம்

"ஏம்மா, படிக்கட்டுல உட்கார்ந்து நீயே டிக் அடிச்சிட்டியா?"

கருத்துக்கணிப்பு அலுவலக மேற்பார்வையாளருக்குச் 'சிவப்பு மை' என்று பட்டப்பெயர். எந்தப் படிவத்தையும் சுழிக்காமல் விடமாட்டார். இன்று கணிப்புக்காரியின் வேலையையே சுழித்துவிடப் பார்த்தார்.

வெளிநாட்டிலிருந்து பிழைக்க வருகிறவர்களை உள்ளே விடலாமா என்று ஒரு நாலு மாடிக் கட்டடத்தில் வீடு வீடாகக் கேட்டுவந்திருந்தாள். கீழ் இரண்டு மாடியும் 'கூடவே கூடாது'. மேல் இரண்டு மாடியும் 'தாராளமாக வரட்டும்'.

"மாடி ஏற ஏற மனசு விசாலமாகுமா? நாளையிலேர்ந்து வராதே."

"சார், ஒரே ஒரு வீட்டுக்கு என்கூட வாங்க. பொய்னா நானே போயிடறேன்."

மூன்றாம் மாடித் தையல்காரர் வாயில் குண்டூசியோடு கதவைத் திறந்தார். சிவப்பு மை தன் பையிலிருந்த படிவத்தை விரித்து, வெளிநாட்டுக்காரர்களைப் பற்றி முதல் பக்கத்திலிருந்து கேட்டார்.

"அவங்க நம்ம வேலையைப் பறிக்கிறாங்களா?"

"பின்னே? பட்டன் தைக்கக்கூட ஆள் வந்தாச்சு!"

"அப்போ விடலாமா?"

"ஒருத்தரையும் விடாதீங்க!"

காலையில் தேனாய்ப் பேசிய மனுஷனா இவர்? கணிப்புக்காரி தன் படிவத்தை எடுத்தாள்.

"அண்ணே, காலையில கேட்ட மாதிரியே கேக்கறேன். வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்க யாராவது உங்களுக்குப் பழக்கமா?"

"மாமியாருக்கு ஊசி போடற நர்சம்மா இருக்கே! தங்கமான பொண்ணு. எங்க மாமியாரையே சிரிக்க வெச்சிடுச்சு!"

"அவங்க நம்ம வேலையைப் பறிக்கிறாங்களா?"

"மாமியாரைப் பார்த்துக்கற வேலையா? தாராளமா பறிச்சுக்கட்டும்!"

"அப்போ விடலாமா?"

"விடாம? அந்தப் பொண்ணு போயிட்டா நான் என்ன ஆவேன்!"

சிவப்பு மை இரண்டு படிவத்தையும் பிடுங்கி அருகருகே வைத்தார். அவளுடையதில், 'யாராவது பழக்கமா' என்று கேட்கும் இரண்டாம் பக்கம் மேலே இருந்தது.

"ரெண்டாம் மாடியோட பழைய கட்டு தீர்ந்துபோச்சு சார். மூணாம் மாடிக்குப் புதுக்கட்டைப் பிரிச்சேன்."

"பக்கத்தை மாத்திப் பின் அடிச்சது எந்த மடையன்?"

"நேத்து சாயங்காலம் நீங்கதான் சார் அடிச்சுக் குடுத்தீங்க."

தையல்காரர் குண்டூசியை விழுங்காமல் சிரிக்கப் பெரும்பாடு பட்டார்.

"அதிருக்கட்டும்," சிவப்பு மை அவசரமாக அவர் பக்கம் திரும்பினார். "ரெண்டுல எதுய்யா உன் பதில்?"

"ரெண்டும் என்னுதுதான். மாத்தி மாத்திக் கேட்டது நீங்க."

படியிறங்கும்போது சிவப்பு மை இரண்டு படிவத்தையும் பைக்குள் திணித்தார்.

"நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு," என்றார் பிறகு, திரும்பிப் பார்க்காமலே. "படிவத்தை நீயே பின் அடிச்சுக்கோ."