கைகோத்து ஏரிக்குள்

மின்னசோட்டாவின் வடக்கே பைன் மரங்களுக்கு நடுவில் இருக்கும் அந்த ஏரிப் பூங்காவில், ஜூலை இரண்டாவது வாரம் கூடாரம் போடுவது எங்கள் வழக்கம். அந்த வருஷம் நான், என் தங்கை மார்லிஸ், அவள் கணவன் ஓவன், மூன்று பேர்தான். ஓவனுக்கு நீச்சல் தெரியாது. ஐம்பத்திரண்டு வயதிலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் முகம் வெளுத்துவிடும். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அதை வைத்தே நான் அவனை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று மதியம் கரையில் உட்கார்ந்து சாசேஜ் சுட்டுத் தின்றுகொண்டிருந்தோம்.

"என்ன மாப்ள, இன்னிக்காவது இடுப்பு நனையுமா? இல்ல, வாளியில மொண்டு ஊத்தட்டுமா?" என்றேன்.

பக்கத்து விரிப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஓவனும் எப்போதும் சிரிப்பான். அன்று சிரிக்கவில்லை.

"போதும் மச்சான்."

"அங்க பாரு, பல்லு விழாத பொடிசெல்லாம் மிதவை வரைக்கும் போயிட்டு வருது."

"அண்ணே, வாயை மூடிக்கிட்டுத் தின்னு" என்றாள் மார்லிஸ்.

தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிப்போனேன்.

அவள் உலுக்கித்தான் எழுந்தேன். "ஓவனைக் காணோம். ஒரு மணி நேரமாச்சு. கூடாரத்துலயும் இல்ல, கார்லயும் இல்ல. போனைக்கூட எடுத்துட்டுப் போகல."

தண்ணீர் ஓரமாக அவன் சட்டை மடித்து வைத்திருந்தது. அதன்மேல் மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் செருப்பு. கண்ணாடி இல்லாமல் அவனுக்குப் பத்தடி தள்ளி நிற்கும் ஆள் தெரியாது.

பூங்கா ரேஞ்சர் ஜோலீன் ஓடி வந்தாள். "நீந்துவாரா?"

"நீச்சலே தெரியாது" என்றாள் மார்லிஸ்.

"மனசு ஏதும் சரியில்லாம இருந்தாரா?"

மார்லிஸ் என்னைப் பார்த்தாள். "நான் கொஞ்சம் கேலி பண்ணேன்" என்றேன்.

ஜோலீன் விசில் ஊதி எல்லோரையும் கரையேற்றினாள். முக்குளிப்பவர்கள் டவுனிலிருந்து வர நாற்பது நிமிஷம் ஆகுமாம். ஒலிபெருக்கியை எடுத்தாள். "பெரியவங்க மட்டும் வாங்க! கைகோத்து வரிசையா நில்லுங்க. காலைத் தரையோட தேச்சு மெதுவா நடங்க. நெஞ்சளவு ஆழத்துக்கு மேல யாரும் போகவேணாம்."

முன்பின் தெரியாத நாற்பது பேர் வந்தார்கள். என் இடது கையை உடம்பெல்லாம் பச்சை குத்திய ஒரு தடியன் பிடித்துக்கொண்டான். வலது கையை அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள். கழற்ற மறந்த வெயில் தொப்பி அவள் தலையிலேயே இருந்தது.

அந்த ஏரித் தண்ணீர் கடுந்தேநீர் நிறம். இடுப்புக்குக் கீழே என் காலே எனக்குத் தெரியவில்லை. பாசி தட்டியது. கல் தட்டியது. அவன் கிடைக்க வேண்டும், ஆனால் என் காலில் தட்டுப்படக் கூடாது என்று வேண்டிக்கொண்டே நடந்தேன். அப்படி வேண்டியதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

நெஞ்சளவு தண்ணீரில் மெத்தென்று ஏதோ மிதிபட்டது. கனமாக, துணி சுற்றியதுபோல.

கத்திவிட்டேன். வரிசை முழுக்க நின்றது. கரையில் மார்லிஸ் மணலில் மண்டியிட்டது தெரிந்தது. பச்சை குத்தியவன் கையை விட்டுவிட்டு முங்கினான். எவ்வளவு நேரமோ. மேலே வந்தபோது அவன் கையில் மணல் ஏறிக் கனத்த ஒரு பெரிய துண்டு இருந்தது.

"துண்டுதான்! வெறும் துண்டு!" என்று கரையைப் பார்த்துக் கூவினான்.

திரும்பவும் கைகோத்தோம். நாலடி வைத்திருப்போம். ஏரி வளைந்து மறையும் பக்கமிருந்து ஒரு தட்டைப் படகு மெதுவாகத் துறைக்கு வந்தது. அதன் முன்னால், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையும் பவர் போட்ட கறுப்புக் கண்ணாடியுமாக ஓவன் நின்றான்.

என்மேல் கோபத்தில் சட்டையையும் செருப்பையும் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடியை மாற்றிக்கொண்டு, வெறுங்காலோடு கரையோரமாகவே படகு இறக்கும் இடம் வரை நடந்திருக்கிறான். அங்கே ஒரு வயதான தம்பதிக்குக் கயிறு பிடித்துக் கொடுத்திருக்கிறான். வாங்களேன், மீன் பிடிக்கலாம் என்று அவர்கள் கூப்பிட, ஏறிவிட்டான்.

தண்ணீருக்குள் வரிசையாக நின்ற எங்களைப் பார்த்து அவன் முகம் மாறியது. "ஐயோ, யாராச்சும் முழுகிட்டாங்களா?"

பச்சை குத்தியவன்தான் பதில் சொன்னான். "உங்களைத்தான் சார் தேடிட்டிருக்கோம்."

துறையில் மார்லிஸ் இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் அடித்தாள், பிறகு அங்கேயே கட்டிக்கொண்டு அழுதாள். ஓவன் தண்ணீரைவிட்டு ஏறிய ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டான். நான் மட்டும் அசையாமல் நின்றிருந்தேன்.

"கையை விடலாம்ப்பா, எனக்கு வலிக்குது" என்றாள் தொப்பிக்கார அம்மாள்.

சாயங்காலம் கூடாரத்துக்கு வெளியே மூட்டிய நெருப்பருகில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "மாப்ள, நான் பேசினது தப்பு. உன்னைக் கொன்னுட்டேன்னே நெனச்சேன்."

நெருப்பைக் கிளறிக்கொண்டே இருந்தான். "ஆறு வருஷம் மச்சான். ஒவ்வொரு தடவையும் சிரிச்சு வெச்சேன். சிரிக்கவே வராது எனக்கு."

"தெரியாமப் போச்சு."

"தெரியும் உனக்கு."

தெரியும்தான். தலையை ஆட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து மார்லிஸ் மூன்று தட்டு கொண்டுவந்து வைத்தாள்.