கை எட்டாத இடம்

கண்ணாடிக் கடைக்காரரிடம் புதுக் கண்ணாடி போட்டுக்கொள்கிறவர்களுக்கு உலகத்தில் முதன்முதலாகத் தெளிவாகத் தெரிவது அவருடைய முழங்கைதான். காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துச் சரிசெய்யக் குனிவார். முழங்கை மூக்குக்கு நேரே வந்து நிற்கும். சிவந்து தடித்த படை, அதன்மேல் மீன் செதில் மாதிரி வெள்ளைப் பொருக்கு. பாதிப் பேர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்புறமா வர்றேங்க" என்று நழுவிவிடுவார்கள். பார்வை நன்றாகத் தெரிவதும் சில வியாபாரத்துக்கு ஆகாது.

நான் எதிர்வீடு. அவர்கள் கதவு திறந்தால் காற்றில் என் கதவும் கொஞ்சம் திறந்துகொள்ளும். கட்டடம் கட்டியவன் செய்த கோளாறு, என் மேல் தப்பில்லை. அப்படியும் காதில் விழாமல் போனதை அவருடைய அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்து சொல்லிவிடுவார். எங்களுக்கு அவர் மாடியக்கா.

தோல் டாக்டரைப் பார்க்கப் போனபோது மாடியக்காவும் கூடப் போனார். பொறுமையான டாக்டர். இதற்கு சொரியாசிஸ் என்று பெயர், தொட்டால் ஒட்டாது என்றார். உடம்பின் காவல்காரனே ஆள் தெரியாமல் வீட்டுக்காரனை அடிக்கிற கதை. ஒரு மாதத்தில் வளர வேண்டிய தோல் நாலைந்து நாளில் வளர்ந்து குவிந்துவிடுகிறது என்றார். பரம்பரையில் இருக்கலாம். தொண்டைப் புண், குளிர், குடி, சில மாத்திரைகள், மனக்கவலை, எது வேண்டுமானாலும் கிளப்பிவிடும். வெயில் காலத்தில் பலருக்கு வாடும். அடியோடு போக்க மருந்தில்லை, அடக்கி வைக்கலாம். களிம்பை விடாமல் போட வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது. அடங்காவிட்டால் ஒளி சிகிச்சை, மாத்திரை, ஊசி என்று அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

இவ்வளவையும் கேட்ட மாடியக்கா வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரே ஒரு சொல்லைத்தான்.

"மனக்கவலையாம்! டாக்டரே சொல்லிட்டாங்க" என்றார் என்னிடம். கண் மட்டும் எதிர்க் கதவுக்குப் போய்வந்தது. "கல்யாணத்துக்கு முன்னாடி என் தம்பிக்கு ஒரு கொசுக்கடித் தழும்பு உண்டா, சொல்லுங்க?"

நான் என்ன கொசுவா, சொல்வதற்கு?

எதிர்க் கதவுக்குள் இருந்தவர் அவர் மனைவி, கணக்கு டீச்சர். தங்கமான மனுஷி, குரல்தான் வெண்கலம். இருபது வருஷமாகக் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கப் பேசிய தொண்டை. "சாவி எங்கங்க?" என்று வீட்டுக்குள் கேட்டால் தெருவில் போகிறவன் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பான்.

வேறொருத்தியாக இருந்தால் நாத்தனார் பேச்சை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருப்பாள். இவர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். போன வருஷம் தேர்வுத்தாள் திருத்த வெளியூர் போய்த் திரும்பியபோது கணவரின் முழங்கை கிட்டத்தட்டச் சுத்தமாக இருந்தது. அதற்கு முந்தின வருஷமும் அப்படியே. தான் போனால் குறைகிறது, வந்தால் கூடுகிறது. "தாள் திருத்தப் போறது எப்பவும் கோடையிலதானே டீச்சர்? வெயில் பட்டா வாடும்னு டாக்டர் சொன்னாங்களே" என்று நான்கூடச் சொன்னேன். கணக்கு டீச்சருக்கு நான் கணக்குச் சொல்வதா! காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் கணவரிடம் நேராகவே கேட்டார்.

"ஏங்க, என்னாலதான் உங்களுக்கு இப்படின்னு அண்ணி சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

சட்டென்று 'இல்லை' என்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மனிதர் முழங்கையைத் திருப்பி ஒரு தடவை பார்த்தார்.

"தெரியலம்மா" என்றார்.

மறுநாளே டீச்சர் பெட்டியைக் கட்டிவிட்டார். பள்ளிக்கூடத்தில் விடுப்பு, வெளியூரில் தன் தம்பி வீட்டில் தங்கல். வாசலில் நின்று மாடியக்காவிடம் சொன்னார்: "நான் போய்ப் பார்க்கிறேன் அண்ணி. அவருக்குக் குறைஞ்சா சொல்லுங்க. மாற்றல் வாங்கிட்டு அங்கேயே இருந்துடறேன். இந்த வீட்டுக்கு இனிமே வரல."

குளிர் ஆரம்பித்திருந்த நேரம் அது.

மாடியக்கா தினமும் நிலவரம் வாசித்தார். "இன்னிக்குக் கொஞ்சம் வாடியிருக்கு." "இன்னிக்குச் செவப்பு கம்மி." ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிற தம்பி இவருக்கும் ஒன்று மாட்டியிருக்கலாம். என் கண்ணுக்குப் பட்டது வேறு. கொடியில் காய்ந்த அவருடைய வெள்ளைச் சட்டைகளின் முதுகில் பொட்டுப் பொட்டாக ரத்தக்கறை. காதோரம் முடிக்குள்ளிருந்து படை எட்டிப் பார்த்தது.

முதுகுக்குக் களிம்பு போட்டுவந்தது டீச்சர். அவருக்குத் தன் கை எட்டாத இடம் அல்லவா? மாடியக்கா போட்டுவிடவா என்று கேட்டால் அவர் கதவைச் சாத்திக்கொள்வார். "இந்த வயசுல அக்காகிட்ட முதுகைக் காட்டிட்டு உக்காரணுமா?" ஒருநாள் கதவு சரியாகச் சாத்தவில்லை. டீச்சரின் மர அடிக்கோல் நுனியில் துணியைச் சுற்றி, களிம்பைத் தொட்டு, தோளுக்கு மேலாக நீட்டி முதுகைத் தேடிக்கொண்டிருந்தார். சட்டைக் காலரில் பட்டது, சுவரில் பட்டது. பட வேண்டிய இடத்தில் மட்டும் படவில்லை. சிரிப்பு வந்தது எனக்கு, பாதியிலேயே நின்றுவிட்டது.

இதை வயிற்றில் வைத்துக்கொள்ள என்னால் ஆகுமா? டீச்சருக்குப் போன் போட்டேன்.

"குறைஞ்சிடுச்சா அக்கா?" எடுத்ததும் அதுதான். வெண்கலக் குரல் எறும்புக் குரலாகியிருந்தது.

"எங்க குறைய? தலை, முதுகு, கால்னு ஏறிக்கிட்டே போகுது."



"நிஜமாவா? நான் இல்லாமலேயா?"

"நீங்க இல்லாமலேதான்."

"முதுகு முழுக்கவா அக்கா?"

தேறிவிட்ட பிள்ளை மார்க்கைத் திரும்பத் திரும்பக் கேட்குமே, அந்தக் குரல்.

மறுநாள் காலையில் வந்து நின்றார். பெட்டியைக் கூடக் கீழே வைக்கவில்லை. "சட்டையைக் கழட்டுங்க." அவர் கழற்றினார். மாடியக்கா படியில் நின்றார், நான் என் கதவில். முதுகு முழுக்கச் சிவப்பு. விளிம்பெல்லாம் வெடித்துக் கிடந்தது.

"பாருங்க அண்ணி! நல்லாப் பாருங்க! நான் இல்ல. நான் இல்லவே இல்ல!" மூன்று மாடிக்கும் கேட்டது. சிரித்தார், கையிலிருந்த பெட்டியில் தாளம்கூடத் தட்டினார். அவ்வளவு சந்தோஷமாக டீச்சரை நான் பார்த்ததில்லை.

கணவர் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "விடு. உனக்காவது நல்லதாப் போச்சு" என்றார். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் தேவலை.

டீச்சரின் சிரிப்பு நின்றது. தான் என்ன செய்தோம் என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பெட்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப எதனாலதான்டா வருது?" என்றார் மாடியக்கா. அழுகிற குரல்.   

டீச்சர் கையைக் கழுவி வந்து களிம்பைப் பிதுக்கினார். விரலில் களிம்போடு முதுகின் முன்னால் அப்படியே நின்றார்.

"எங்கேருந்துங்க ஆரம்பிக்கட்டும்?"

"எங்கேருந்து வேணும்னாலும்" என்றார் அவர்.