சித்தி மன்னிக்கப்பட்ட அத்தியாயம்

1

இந்தக் கதை ஒரு திருட்டில் தொடங்கியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் அசிங்கம்.

முன்பு எழுதிய தொடக்கம் இது: ஒரு ஊரில் ஒரு எழுத்தாளர் இருந்தார். பழைய தேவதைக் கதைகளைப் பதின்பருவத்தினருக்கான நாவல்களாகத் திருப்பி எழுதுவது அவர் தொழில். அவர் கணவருக்கு முதல் தாரத்து மகள் ஒருத்தி

(வேண்டாம். அந்த ‘அவர்’ நான்தான். ஒளிந்துகொள்ளப் பார்த்தேன்.)

2

அவளுக்குப் பதினைந்து வயது. என்னைச் சித்தி என்பாள். என் கைப்பிரதிகளுக்கு முதல் வாசகி. பென்சிலோடு உட்கார்ந்து, நம்ப முடியாத இடத்தில் ஓரமாக ‘பொய்’ என்று எழுதுவாள். அவள் பொய் என்றதை நான் அச்சுக்கு விட்டதே இல்லை. நாங்கள் மனம்விட்டுப் பேசியதெல்லாம் பெரும்பாலும் அந்த ஓரங்களில்தான்.

நாவலில் சித்தி பிள்ளையைக் காட்டில் விட்டுவிட்டு வரும் காட்சியை எழுதிக்கொண்டிருந்த சாயங்காலம், நீச்சல் பயிற்சியிலிருந்து அவளை அழைத்துவர மறந்துபோனேன். காடு அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது. போனை வேறு அணைத்து வைத்திருந்தேன். ஈரத் தலையோடு இரண்டு மணி நேரம் நீச்சல்குளத்தின் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றிருக்கிறாள்.

“பரவால்ல சித்தி. வர்ற ஒவ்வொரு காரும் நீங்கதான்னு நினைச்சேன்.”

நல்ல வரி. [அந்த நேரத்திலும் இப்படித்தான் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது.] மறுநாள் காலையிலேயே நாவலில் சேர்த்தேன்: ஒவ்வொரு காலடிச் சத்தமும் சித்தியுடையது என்று அந்தப் பெண் நினைக்கிறாள்.

3

முடிவுகள் இரண்டு இருந்தன. ஒன்றில் சித்தியைக் காடு விழுங்குகிறது. மற்றதில் சித்தி அழுதுகொண்டே தேடி வருகிறாள், பெண் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். இரண்டாவதைத்தான் அவளிடம் கொடுத்தேன்.

கைப்பிரதிக் கட்டு திரும்பி வந்தது. காட்டுப் பக்கங்களில் ஒரு குறியும் இல்லை. கடைசிப் பக்கத்தில் பென்சில் தாளைக் கிழித்திருந்தது: பொய்.

“நான் சொன்னதை எடுத்துக்கிட்டீங்க, சரி. அவ மன்னிச்சுட்டான்னு எழுதியிருக்கீங்களே, என்கிட்ட கேட்டீங்களா?”

“அது நாவல்மா. அவ வேற, நீ...”

“சித்தி.”



4

மன்னிப்புக் கேட்பதாக ஒரு பத்தி எழுதினேன். அழகாக வந்தது. அதனாலேயே அடித்துவிட்டு, எழுந்து போய் நேரில் கேட்டேன். “யோசிக்கிறேன்” என்றாள்.

இந்தக் கதையை அவள் மேஜையில் பென்சிலோடு வைக்கப்போகிறேன். வேண்டாம் என்றால் கிழித்துப் போட்டுவிடுவேன். ஆகவே இது உங்கள் கைக்கு வந்திருந்தால், அச்சிட அவள் சம்மதித்திருக்கிறாள், அவ்வளவுதான். அதை மன்னிப்பு என்று வாசித்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் வாசிக்கப் பார்ப்பேன்.