குவோங் வரிசையில் நிற்கவில்லை

1

2022 அக்டோபர் 11, பெந்தியு முகாம். வெள்ளத்தால் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குத் திருச்சபையின் தகரக் கொட்டகையில் சோளம் வழங்கப்பட்டது. ஒரு குடும்பத் தலைவர் வரவில்லை.

திருச்சபை அறிக்கைகளை இங்கே எட்டு வருடமாகத் தட்டச்சு செய்கிறேன். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு மேல் எழுத அறிக்கையில் இடமில்லை. மீதியை மூப்பர் பிடோங் சொன்னார், ஒரு இடம் வரைக்கும்.

2

முதல் தொடக்கம்: "பெருகிய வெள்ளம் அந்த மக்களின் கண்ணீரைப் போல..." வேண்டாம். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது, இடுப்பளவு.

இரண்டாவது: விடியும் முன்பே பிடோங் பட்டியலை மறுபடி எண்ணிப் பார்த்தார்.

இது நிற்கட்டும். பட்டியலை எழுதியவர் அவர். கூடாரம் கூடாரமாகப் போய், "இது யார் வீடு?" என்று இங்குள்ளவர்களின் நூயர் மொழியில் கேட்டார். "குவோங் வீடு" என்றாள் அவன் மனைவி நியாருவோத். எழுதிக்கொண்டார். குவோங் செத்துப்போனது அவருக்கும் தெரியும். எந்த நூயரும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

(கணவன் இறந்தால் அவன் தம்பி அவன் மனைவியோடு வாழ்வான். பிறக்கும் பிள்ளைகளோ இறந்தவனுடையவை. பெண் வீட்டுக்கு மாடு கொடுத்துக் கட்டியவன் அவன்தான். அடிக்குறிப்பாகப் போடலாம் என்றிருந்தேன். போட்டால் கதையே அடியில் போய்விடும்.)

3

பட்டியலைச் சரிபார்க்கத் தலைநகர் ஜூபாவிலிருந்து வந்த போதகர் எஸ்பனுக்கு நூயர் மொழி தெரியாது. பிடோங்தான் மொழிபெயர்த்தார்.

"குவோங் எங்க? வந்து ரேகை வைக்கச் சொல்லுங்க."

"அவர் செத்து ஏழு வருஷமாச்சு" என்றாள் நியாருவோத்.

எஸ்பன் அவள் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தார். "இவனுக்கு என்ன வயசு?"

"மூணு."

"யார் பிள்ளை?"

"குவோங் பிள்ளை. வேற யாரு?"

வரிசையிலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள்: "குவோங் வரணும்னா நீங்கதான் எழுப்பணும் போதகரே! உயிர்த்தெழுதல் உங்க வேலைதானே?"

எஸ்பனைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். இங்கே அவரைக் கெட்டவராக்க என் கை துடித்தது. மூன்று வரி எழுதி அடித்தேன். முந்தின மாதம் இன்னொரு முகாமில், இல்லாத ஆட்களின் பெயரில் மூட்டைகள் போயின. பதில் சொல்ல நின்றவர் அவர்.

"குவோங் தம்பி டோங்யிக்கைத் தலைவர்னு போட்டுரலாமா?" என்றார் பிடோங்.

"அவருக்கு மூத்த சம்சாரத்தோட ஒரு ரேஷன் அட்டை இருக்கே. ஆளுக்கு ஒண்ணுதான். ஜனவரியில மறுபடி பதிவு வரும், அப்ப பாப்போம்." எஸ்பன் பெயரை அடிக்கப் பேனாவை எடுத்தார்.

"பொறுங்க! விதவைப் பட்டியல் இருக்கே?" என்றார் பிடோங்.

"மூணு வயசுப் பிள்ளையோடயா? சரி, விதவைன்னு அவங்க வாயால சொல்லட்டும்."

4

நூயர் மொழியில் விதவை என்றால் 'ஆவியின் மனைவி'. பிடோங் அவளிடம் அதையே கேட்டார்.

"ஆமா மாமா. இதுல என்ன சந்தேகம்? நேத்தா வந்தேன் நான்?"

"விதவைதானாம்" என்றார் பிடோங்.

"அப்ப சேர்த்துக்கறேன். ஆனா புருஷன் உயிரோட இருந்தப்ப பொறந்த பிள்ளைங்கதான் கணக்கு. நாலு பேர். இடுப்புல இருக்கிறவன் சேர்த்தி இல்ல. அவங்ககிட்ட சொல்லிடுங்க."

அதை நூயரில் சொன்னால் ஒரே பொருள்தான்: இவன் குவோங் பிள்ளை இல்லை. நியாருவோத் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டாள். அட்டையை வீசிவிட்டுப் போனாலும் போவாள். ஜனவரி வரைக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் வெள்ளத்தில் பிடுங்கும் அல்லிக் கிழங்குதான். சொல்லாவிட்டால்...

"என்ன மாமா சொல்றாரு?" என்றாள்.

5

எஸ்பன் மனம் இளகி ஐந்து பிள்ளைகள் என்று எழுதும் முடிவு ஒன்றை எழுதிப் பார்த்தேன். படிக்க நன்றாக இருந்தது. நடக்கவில்லை. டோங்யிக் ஓடிவந்து 'என் பிள்ளை' என்று கத்தும் முடிவு என்னால்கூட எழுத முடியவில்லை, அவன் கத்தமாட்டான்.

பிடோங் என்ன பதில் சொன்னார்? கேட்டேன்.

"அந்த இடத்துல நீ இருந்தா என்ன சொல்லியிருப்பே?" என்று எழுந்து போய்விட்டார்.

மூன்று இரவாக எழுதி எழுதி அடித்தேன். அவர் சொன்ன பதிலுக்கு இங்கே இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்:

(                              )

நியாருவோத் ரேகை வைத்தாள். ஒரு மாதத்துக்கு, தாயும் நான்கு பிள்ளைகளுமாக ஐந்து பேருக்கான சோளம் கொடுக்கப்பட்டது. ஆறு பேர் சாப்பிட்டார்கள். இருபத்தைந்தாம் நாள் தீர்ந்தது.