நெல் தராசில் ஜெமீலா

கொழும்பில் வலது முழங்காலுக்குச் செயற்கை மூட்டு வைத்துக்கொண்டு ஜெமீலா சாய்ந்தமருதுக்குத் திரும்பியபோது, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். இந்த உடம்பை அந்த இரும்பு தாங்காதாம். அவள் எழும்பவே கூடாதாம்.

ஜெமீலா கல்யாண வீடுகளில் சமைப்பவள். ஐம்பத்தாறு வயது, தொண்ணூற்றாறு கிலோ. டொக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: நிறை கூடினவர்களுக்குக் காயம் ஆறச் சுணங்கும், கால் மடங்கவும் நாளெடுக்கும், ஆனால் படுத்தே கிடந்தால்தான் எல்லாம் கெடும். பக்கத்துக் கட்டிலில் இருந்த மெலிந்த பெண் ஐந்தாம் நாளே நடந்தாள். ஜெமீலாவுக்குப் பத்து நாள் பிடித்தது.

"நீங்க கிடங்க உம்மா," என்றாள் மகள் நதீரா. "விழுந்தா தூக்க ஆள் இல்ல."

"விழுந்தா நானே எழும்புவன். அந்தக் கம்பத் தா."

கிழமைக்கொரு முறை நிறை பார்க்க வேண்டும் என்பது டொக்டரின் கட்டளை. அவள் நடந்து போகக்கூடிய தூரத்தில் தராசு பக்கீர் முகைதீனின் நெல் ஆலையில்தான் இருந்தது. மூன்றாம் கிழமை, இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, கம்பை ஊன்றி அங்கே போய்ச் சேர்ந்தாள்.

"ராத்தா, இது நெல்லு நிறுக்கிற தராசு," என்றார் பக்கீர் முகைதீன் தயங்கி.

"தெரியும். நெல்லத் தூக்கி வைக்கணும். நான் தானா ஏறுவன்."

மூட்டை சுமக்கும் ஒருவர் சிரித்தார். "எத்தின மூட்டை எண்டு பாருங்க."

ஜெமீலா தராசில் ஏறி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவர் பக்கம் திரும்பினாள். "உங்கட மகள்ற கலியாணத்துல நான் சமைக்கக்குள்ளயும் இதே நிறைதான். அண்டைக்கு நீங்க சிரிக்கல்ல."

பக்கீர் முகைதீன் இலக்கத்தை முணுமுணுத்தார்.

"உரக்கச் செல்லுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

"தொண்ணூத்தஞ்சு."

ஒவ்வொரு கிழமையும் போனாள். ஆலையில் சிரிப்பு ஓய்ந்தது. சோற்றைக் குறைத்தாள், சீனியை விட்டாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்கிப் பழகினாள். மூன்று மாதத்தில் குறைந்தது ஆறு கிலோதான். தொழுகையில் நெற்றி நிலத்தில் பட சுஜூதுக்கு இறங்க முடியாதது மட்டும் மனதை அரித்தது.

"கால் நல்லா மடங்குது. நிறை இன்னும் குறையணும்," என்றார் டொக்டர்.

"குறைப்பன். குறையிற வரைக்கும் குந்திட்டு இரிக்க ஏலா டொக்டர்."

அடுத்த மாதம் மருதமுனையில் முந்நூறு பேருக்குச் சமைத்தாள். உம்மா உட்காரட்டும் என்று நதீரா அடுப்பருகே ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். ஜெமீலா அதன்மேல் வெங்காயக் கூடையைத் தூக்கி வைத்துவிட்டு, நின்றபடியே சோற்றைக் கிளறினாள்.